புதுக்கோட்டைக்கு ஒரு சைக்கிள் பாதை போடுவதென்றால்

சின்ன ஊர்களில் சைக்கிள் பாதை என்று அறிவிப்பு வந்தால் பெரும்பாலும் நடப்பது இதுதான். ஊரிலேயே அகலமான சாலையின் ஓரத்தில் ஒரு மீட்டருக்குப் பச்சை அடித்து, வெள்ளையில் ஒரு சைக்கிள் படம் வரைவார்கள். மூன்றாம் நாள் படத்தின் மேல் பைக் நிற்கும். ஆறாம் மாதம் குடிநீர்க் குழாய்க்குத் தோண்டி, கிராவலைக் கொட்டி மூடியிருப்பார்கள். "நம்ம ஊர்ல யார் சார் இப்ப சைக்கிள் ஓட்டுறா" என்று கோப்பும் மூடப்படும்.

யார் ஓட்டுகிறார்கள் என்பதை எண்ணிப் பார்த்துவிடலாமே. பள்ளி நடக்கும் ஒரு செவ்வாயோ புதனோ, காலை 8 முதல் 9:30 வரை, மாலை 4 முதல் 5:30 வரை, ஒரு சந்திப்புக்கு இரண்டு பேர், கையில் அட்டையும் பேனாவும். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு கட்டம். சீருடையில் இருக்கும் பெண், சீருடையில் இருக்கும் பையன், பெரியவர்கள், கேரியரில் சரக்கு ஏற்றியவர்கள் என்று நான்கு பத்தி போதும். எந்தத் திசையில் போகிறார்கள் என்பதையும், தவறான பக்கத்தில் எத்தனை பேர் வருகிறார்கள் என்பதையும் தனியாகக் குறிக்க வேண்டும். இந்தக் கடைசி எண்தான் பின்னால் மிகவும் உதவும். விடியற்காலை ஐந்தரைக்கு ஹெல்மெட்டும் கியர் சைக்கிளுமாகப் போகிறவர்களை வைத்துப் பாதை வரையக் கூடாது. அந்த நேரத்துக்குப் பாதையே தேவையில்லை, சாலை காலியாகத்தான் இருக்கும்.

புதுக்கோட்டையை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. 1991-92இல் அறிவொளி இயக்கம் நடந்தபோது, எழுதப் படிக்கக் கற்றதோடு இந்த மாவட்டத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்கு முழுத் துணையாக நின்றார். லேடீஸ் சைக்கிள் போதவில்லை என்று ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். முன்கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. பாதை வரைகிறவர் மனதில் இருக்க வேண்டிய வண்டி அதுதான்: முன்னால் குழந்தை, பின்னால் இரு பக்கமும் தொங்கும் பிளாஸ்டிக் குடம். இன்றைக்கு அதோடு, பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுக்கும் சைக்கிளையும் சேர்த்துக்கொள்ளலாம். கியர் கிடையாது, எடை சுமார் இருபது கிலோ, வேகம் மணிக்கு 12 முதல் 15 கிலோமீட்டர். மூன்று கிலோமீட்டரில் இருக்கும் பள்ளிக்குக் கால் மணி நேரத்தில் போய்விடலாம். புதுக்கோட்டை அளவு ஊரில் பெரும்பாலான வீட்டுக்கும் பள்ளிக்கும் உள்ள தூரம் அதற்குள் அடங்கிவிடும். இந்த ஒரு வசதியில் சென்னை நம்மோடு போட்டி போட முடியாது.

அடுத்தது, எந்தத் தெரு. கீழ ராஜ வீதியில் போட வேண்டும் என்றுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். அங்கேதான் கடை, கூட்டம், புகைப்படம். ஆனால் புதுக்கோட்டையின் பழைய ஊர் கட்டம் கட்டமாக வெட்டப்பட்டது. ராஜ வீதிகளுக்கு இணையாக இரண்டாம் வீதி, மூன்றாம் வீதி, நான்காம் வீதி என்று எண் போட்ட தெருக்கள் ஓடுகின்றன. சைக்கிளுக்கு வேண்டிய வலை ஏற்கெனவே தரையில் இருக்கிறது. நெதர்லாந்தில் ஹௌட்டன் என்ற சிறிய ஊரை வடிவமைத்தவர்கள் செய்தது இதைத்தான். கார் ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் சுற்றுச்சாலைக்கு வந்து சுற்ற வேண்டும், சைக்கிள் நேராக ஊர் நடுவே போகும். நமக்கு அவ்வளவு வேண்டாம். எண் போட்ட தெருக்களை மோட்டார் வண்டிக்கு ஒருவழியாக்கி, சைக்கிளுக்கு மட்டும் எதிர்த்திசையிலும் வழி விட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

அப்படி ஒரு தெருவில் 24 அடி, அதாவது 7.3 மீட்டர் தார் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மோட்டார் வண்டிக்கு 3 மீட்டர். டூவீலர் குறுக்காக நிறுத்த 2 மீட்டர். நடுவே தடுப்புக்கு அரை மீட்டர். எதிர்த்திசை சைக்கிளுக்கு 1.8 மீட்டர். கணக்கு சரியாக முடிகிறது. மோட்டார் வண்டி போகும் திசையில் போகிற சைக்கிளுக்குத் தனித் தடம் தேவையில்லை. வேகம் 30க்குக் கீழே இருந்தால் கலந்தே போகலாம். வேகத்தைப் பலகை குறைக்காது, அந்த 3 மீட்டர் அகலம்தான் குறைக்கும்.

பெரிய சாலையைத் தவிர்க்கவே முடியாத இடமும் உண்டு: பேருந்து நிலையப் பக்கம், ரயில்வே கேட் தாண்டும் இடம், அடுத்த தெரு இல்லாத இடம். அங்கே 40 அடி கிடைத்தால், 12.2 மீட்டர். போக ஒன்று வர ஒன்று, தலா 3.1 மீட்டர் என்று 6.2. ஒரு பக்கம் மட்டும் பார்க்கிங் 2 மீட்டர். இரு பக்கமும் சைக்கிளுக்கு 1.6, தடுப்புக்கு 0.4. இவ்வளவுதான். பேருந்தின் அகலம் 2.6 மீட்டர் என்பதால் 3.1 போதாது என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள், போதும். இரண்டு பக்கமும் பார்க்கிங் வேண்டும் என்று கடைக்காரர் சங்கம் கேட்டால் ஒரு பக்கத்துச் சைக்கிள் தடம் போய்விடும் என்பதைத் தாளில் வரைந்து காட்டிவிட வேண்டும். அவர்களுடைய உண்மையான கவலை பெரும்பாலும் சரக்கு இறக்குவதுதான். எழுபது, எண்பது மீட்டருக்கு ஒரு இறக்குமிடம், காலை ஒன்பது மணிக்குள் என்று நேரம் குறித்துக் கொடுத்தால் பேச்சு சுமுகமாக முடியும்.

1.6 மீட்டர் என்பது தடுப்புக்கும் ஓரக் கல்லுக்கும் நடுவே சுத்தமாகக் கிடைக்க வேண்டிய அகலம். 1.5க்குக் கீழே போனால் இரண்டு பக்கமும் குடம் கட்டிய சைக்கிளை இன்னொன்று தாண்ட முடியாது. இரண்டு தோழிகள் பேசிக்கொண்டே பக்கத்தில் பக்கத்தில் போக 2 மீட்டர் வேண்டும். அது ஆடம்பரம் என்று நினைக்கிறவர்கள், காரில் இரண்டு பேர் பக்கத்தில் உட்காரத்தானே இருக்கை வைத்திருக்கிறார்கள் என்று யோசிக்கலாம். இரு திசைக்கும் ஒரே தடம் என்றால் 2.5 முதல் 3 மீட்டர். அதையும் கடை வாசல்கள் இருக்கும் பக்கத்தில் போடக் கூடாது. வாசலிலிருந்து வண்டி எடுக்கிறவர் ஒரு பக்கம்தான் பார்ப்பார். ரயில் பாதை, வாய்க்கால், நீண்ட மதில் இவற்றை ஒட்டித்தான் இருதிசைத் தடம்.

இனித் தடுப்பு. நெகிழும் பிளாஸ்டிக் கம்பங்கள் திறப்பு விழாவுக்கு அழகாக இருக்கும், முதல் தீபாவளிக்குள் பாதி காணாமல் போகும். ஆங்கர் போல்ட்டைத் தாரில் அடிப்பதால் வெயிலில் தார் இளகும்போது பிடி விட்டுவிடுகிறது. ஒரு மீட்டர் நீளமுள்ள வார்ப்புக் கான்கிரீட் கட்டைகளை, கால் மீட்டர் இடைவெளி விட்டு வைப்பது நல்லது. கிலோமீட்டருக்கு ஒரு பக்கம் 800 கட்டை. அந்த இடைவெளியை எஸ்டிமேட்டில் சேமிப்பு என்று நினைத்துவிடக் கூடாது. மழைநீர் சாலை நடுவிலிருந்து ஓரத்து வடிகாலுக்குப் போக அதுதான் வழி. தொடர்ச்சியாகச் சுவர் மாதிரி கட்டினால் ஐப்பசி மழையில் சாலையில் குளம் நிற்கும், மறுநாள் ஜேசிபி வந்து தடுப்பு முழுவதையும் பெயர்த்துப் போட்டுவிடும். சைக்கிள் பக்கம் இருக்கும் விளிம்பு 5 முதல் 7.5 சென்டிமீட்டர் உயரத்தில் சரிவாக இருக்கட்டும். 15 சென்டிமீட்டர் செங்குத்துக் கல்லில் பெடல் தட்டும். ஒவ்வொரு வரிசையின் முதல் கட்டையிலும் ஆளுயரப் பிரதிபலிப்புக் கம்பம் ஒன்று வேண்டும். இல்லாவிட்டால் மின்வெட்டு இரவில் டூவீலர்காரர் அதில்தான் மோதுவார்.

கோட்டுக்கு வருவோம். சாதாரண பெயின்ட் ஒரு மழைக்குத் தாங்காது. உருக்கிப் பூசும் தெர்மோபிளாஸ்டிக்தான் வேண்டும், 2.5 மில்லிமீட்டர் கனம். சதுர மீட்டருக்குச் சுமார் 5 கிலோ பிடிக்கும். 15 சென்டிமீட்டர் அகலக் கோடு ஒரு கிலோமீட்டருக்கு 150 சதுர மீட்டர், ஆக 750 கிலோ, 25 கிலோ மூட்டையில் 30 மூட்டை. மேலே தூவும் கண்ணாடி மணி சதுர மீட்டருக்கு 250 கிராம். மூட்டைக் கணக்கை வேலை நடக்கும் இடத்திலேயே எண்ணிவிடுங்கள், கனம் குறைத்திருக்கிறார்களா என்று பிறகு அளப்பதைவிட அது எளிது. முழு நீளத்துக்கும் பச்சை அடிப்பது வீண் செலவு. மணல் கலக்காத பச்சை மழையில் சோப்பு மாதிரி வழுக்கும். சந்திப்புகளிலும் பெட்ரோல் பங்க் வாசல்களிலும் மட்டும், சொரசொரப்புச் சேர்த்து அடித்தால் போதும்.

நம் ஊரில் சைக்கிளின் பெரிய எதிரி லாரி என்றுதான் நினைப்போம். தினசரி ஆளைத் தள்ளிவிடுவது வடிகால் மூடி. பெரும்பாலான தெருக்களில் ஓரத்து ஒன்றரை மீட்டர் என்பதே வடிகால் மேல் போட்ட ஸ்லாப்தான். சாக்கடை அள்ள ஸ்லாப்பைத் தூக்குவார்கள், திருப்பி வைக்கும்போது ஒன்று ஏறியும் ஒன்று இறங்கியும் உட்காரும். சக்கரம் போகும் திசைக்கு இணையாக ஒரு சென்டிமீட்டர் படி இருந்தாலே முன்சக்கரம் இழுக்கும். அதனால் ஸ்லாப்பின் மேல் தடத்தைக் கொண்டுபோகாமல் இருப்பது முதல் வழி. முடியாவிட்டால், ஸ்லாப் உட்காரும் விளிம்பில் சிமெண்ட் படுக்கை சமமாக இருக்க வேண்டும், தூக்கும் கொக்கி குழிக்குள் அடங்க வேண்டும், நீளவாக்கு இணைப்பு தடத்தின் நடுவில் வரவே கூடாது. இரும்புக் கம்பி வலை என்றால் கம்பிகள் சக்கரத்துக்குக் குறுக்காக இருக்க வேண்டும். சக்கரம் 4 சென்டிமீட்டருக்குக் குறைவான அகலம். இணையாகக் கம்பி வைத்தால் அச்சு வரை உள்ளே இறங்கும்.

பேவர் பிளாக்கைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் எல்லா எஸ்டிமேட்டிலும் அது வந்துவிடுகிறது. நடைபாதைக்கு நல்லது. சைக்கிளுக்குக் கல்லின் மழுங்கிய விளிம்பு ஒவ்வொன்றும் ஒரு குலுக்கல். ரோலர் ஓடாத மண்ணில் மணலைப் பரப்பி அடுக்கி, ஓரத்தில் பிடிப்புக் கல் பதிக்காமல் விட்டால் ஒரே மழையில் அலை அலையாக இறங்கும். கிராவல் படுகை 15 சென்டிமீட்டர், வெட்மிக்ஸ் என்கிற ஈர ஜல்லிக் கலவை 10 சென்டிமீட்டர், அதன்மேல் 3 சென்டிமீட்டர் தார் என்பதே சைக்கிளுக்கு ஏற்ற படுகை. குறுக்குச் சரிவு நூற்றுக்கு இரண்டு.

சந்திப்பில்தான் ஆள் சாகிறார்கள், ஆனால் பல திட்டப் படங்களில் தடம் சந்திப்புக்கு இருபது மீட்டர் முன்னால் மறைந்துவிடுகிறது. முதலில் நீக்க வேண்டியது ஃப்ரீ லெஃப்ட். இடதுபக்கம் நிற்காமல் திரும்பும் வண்டியும் நேராகப் போகும் சைக்கிளும் முட்டிக்கொள்ளும் இடம் அது. மூலையின் வளைவு ஆரத்தை நாலு, ஐந்து மீட்டருக்குக் குறைத்தால் திரும்புகிற வண்டி தானாக மெதுவாகும். பேருந்து திரும்பும் மூலைகளை மட்டும் இதற்கு விலக்கு வைக்கலாம். பக்கத் தெரு வந்து சேரும் இடத்தில் தடத்தை இறக்காமல், தெருவை 10 சென்டிமீட்டர் உயர்த்தித் தடத்தின் மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். வேகத்தடை போடுவதானால் இந்தியச் சாலைக் காங்கிரசின் அளவு 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம். நம் தெருக்களில் இருக்கும் முழ அகலத் தார் மேடு சைக்கிள்காரரின் முதுகெலும்புக்கு வைத்தது.

பேருந்து நிறுத்தத்தில் தடம் நிழற்குடைக்குப் பின்னால் போக வேண்டும், இறங்கி நிற்க இரண்டு மீட்டர் தீவு விட்டு. நிழற்குடை மதிலை ஒட்டிக் கட்டப்பட்டிருந்தால் அதை நகர்த்தும் செலவை முதல் எஸ்டிமேட்டிலேயே சேருங்கள். மின்கம்பம் நகர்த்துவது மின்வாரியத்தில் டெபாசிட் வொர்க், அதாவது கேட்கிறவர் முன்கூட்டியே பணம் கட்டிச் செய்விக்கும் வேலை; கட்டிய பிறகும் மாதங்கள் ஆகும். தடத்தின் நடுவில் கம்பம் நிற்கும் படங்களெல்லாம் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்ததன் விளைவு.

டூவீலர் உள்ளே வருவதை எப்படித் தடுப்பது? கம்பம் நட்டுத் தடுக்க முடியாது. சைக்கிள் நுழையும் சந்தில் ஸ்கூட்டியும் நுழையும். ஏன் வருகிறார்கள் என்று பார்க்க வேண்டும். முன்னால் சொன்ன தவறான பக்க எண் இங்கேதான் பயன்படும். சாலை நடுவே சுவர் கட்டி, திரும்பும் இடம் முக்கால் கிலோமீட்டர் தள்ளி இருந்தால், எதிர்ப்பக்கம் போக வேண்டியவர் சைக்கிள் தடத்தில்தான் வருவார், அபராதம் போட்டாலும் வருவார். நடுச்சுவரில் முந்நூறு மீட்டருக்கு ஒரு திறப்பு கொடுத்தால் அந்தக் கூட்டம் குறையும். தள்ளுவண்டிக்காரரும் அப்படித்தான். அவருக்கு என்று இரண்டு மீட்டர் நீளக் கட்டம் தடுப்பு வரிசையில் ஒதுக்கினால் தடத்துக்குள் வர வேண்டிய அவசியமே இல்லை. இதையெல்லாம் கான்கிரீட்டில் செய்வதற்கு முன், சுண்ணாம்புத் தூள் கோடும் மணல் மூட்டையும் வைத்து ஆறு வாரம், பள்ளி நடக்கும்போதே, ஓட்டிப் பார்க்கலாம். தவறாக வைத்த மணல் மூட்டையை இரண்டு பேர் ஒரு மணி நேரத்தில் நகர்த்திவிடுவார்கள்.

ஊருக்கு வெளியே வந்தால் நம்மிடம் இருக்கும் செல்வம் கண்மாய்க் கரை. புதுக்கோட்டையைச் சுற்றிக் குளத்துக்குப் பஞ்சமில்லை. கரை, பக்கத்துக் கிராமத்திலிருந்து லாரி இல்லாமல் ஊருக்குள் வர ஒரு வழி. ஆனால் கரை யாருடையது என்பது முதல் கேள்வி. ஆயக்கட்டு, அதாவது அந்தக் கண்மாயில் பாசனம் பெறும் நிலம், 40 ஹெக்டேருக்குக் குறைவு என்றால் பொதுவாக ஊராட்சி ஒன்றியம், அதற்கு மேல் நீர்வளத் துறை. புல வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு கரை முழுக்க ஒருமுறை நடந்த பிறகுதான் கோடு.

மேல் அகலம் 3.5 மீட்டர் இருந்தால் 2.5 மீட்டர் தடமும் இரு பக்கம் அரை மீட்டர் ஓர இடமும் கிடைக்கும். அதைவிடக் குறுகலாக இருந்தால் உள்வாய்ப் பக்கம், அதாவது தண்ணீர் நிற்கும் பக்கம், மண் கொட்டி அகலப்படுத்தக் கூடாது. நீர்க் கொள்ளளவு குறையும், புது மண் பழைய கரையோடு ஒட்டாமல் சரியும். வெளிப்பக்கம் கரையின் அடியில் தடத்தை இறக்கிவிடலாம். உபரி நீர் வழியும் கலிங்கு வரும் இடத்தில் தரைமட்டத்தை உயர்த்தவே கூடாது. மறுகால் பாயும் நாளில் தண்ணீருக்கு அதுதான் வாசல். மேலே நடைபாலம், இல்லையென்றால் கீழே சுற்றுவழி. மதகின் அருகில் ஷட்டர் திருகும் ஆள் நிற்க இடம் விட்டு, தண்ணீர்ப் பக்கம் 1.4 மீட்டர் உயரக் கைப்பிடி. நடைபாதைக் கைப்பிடியின் உயரம் சைக்கிளில் இருப்பவரின் இடுப்புக்குக் கீழே வந்துவிடும், அது போதாது.

சாலையிலிருந்து கரைக்கு ஏறும் சாய்தளம்தான் பெரும்பாலும் கெடுகிறது. கரை 3 மீட்டர் உயரம் என்றால், இருபதுக்கு ஒன்று சரிவில் 60 மீட்டர் நீளம் வேண்டும். இடம் இல்லை என்று 24 மீட்டரில் முடித்தால் கியர் இல்லாத சைக்கிளில் யாரும் மிதித்து ஏற முடியாது. இறங்கும்போது அதைவிட மோசம், நனைந்த இரும்பு ரிம்மில் பிரேக் கட்டை வழுக்கும். சரிவின் அடியில் சாலையைத் தொடுவதற்கு முன் குறைந்தது 5 மீட்டர் சமதளம் இருக்கட்டும். நுழைவில் கம்பம் நட்டால் ஒன்று அல்லது மூன்று, இரண்டு வேண்டாம். இரண்டு நட்டால் போகிறவரும் வருகிறவரும் நடு இடைவெளிக்கே வந்து முட்டுவார்கள். இடைவெளி 1.2 மீட்டர் என்றால் ஆட்டோ நுழையாது, சக்கர நாற்காலி நுழையும். நடுக்கம்பம் பூட்டுப் போட்டுக் கழற்றும் வகையாக இருக்க வேண்டும், நீர்வளத் துறை ஜீப் போக வேண்டுமே.

நிழல் இல்லாத தடத்தில் மார்ச்சுக்குப் பிறகு ஆள் இருக்காது. புங்கன் அல்லது பூவரசு, ஆறு மீட்டருக்கு ஒன்று. வடக்கு தெற்காகப் போகும் தடத்துக்கு மேற்குப் பக்கம் நட்டால் பள்ளி விட்டு வரும் நேரத்தில் நிழல் தடத்தின் மேல் விழும். கரையின் மேல் மட்டும் பெரிய மரம் வேண்டாம். வேர் செத்து மட்கினால் அந்தத் துளை வழியாகத் தண்ணீர் கசியும். வெளிச்சரிவின் அடியைத் தாண்டி நடலாம்.

சீமைக் கருவேலத்தை வெட்டினால் போகாது, ஒரு மழைக்குத் திரும்பத் துளிர்க்கும். தடத்தின் இருபுறமும் இரண்டு மீட்டருக்கு வேரோடு பெயர்க்க வேண்டும், வெட்டிய கிளையை அன்றைக்கே அள்ள வேண்டும். ஜேசிபி தள்ளிவிட்டுப் போன காய்ந்த முள் ஒரு வாரத்துக்குத் தினம் ஐம்பது பஞ்சர் தரும். நெருஞ்சிக்குத் தனியாக மார்கழியில் ஒரு சுற்று. வாரம் இரண்டு தடவை பெருக்க ஒரு ஆள், புரட்டாசிக்குள் ஸ்லாப் மட்டம் சரிபார்க்க ஒரு நாள், தடுப்பு இடைவெளிகளில் அடைத்த மண்ணைக் கிளற ஒரு மண்வெட்டி. இந்த மூன்றுக்குமான தொகை, பாதை போடும் டெண்டரிலேயே மூன்று வருடப் பராமரிப்பாகச் சேர்ந்திருக்க வேண்டும். தனியாகக் கேட்டால் கிடைக்காது.